பீடியும் சிகரெட்டும்

சமீபத்தில் ஒரு கவிதைத் தொகுதி வெளியீட்டுக் கூட்டத்தின் இடைவேளையில், என் வயதுக்காரரான எழுத்தாளர் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு வருத்தப்பட்டார். இளைஞர்கள் யாரும் புகைப்பதில்லையாம். இருபது பேர் வெளியே வந்தார்கள். இருபது பேரும் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்றார்கள். “நம் காலத்தில் உள்ளே நடந்த விமர்சனத்தைவிட வெளியே புகையோடு நடந்த விமர்சனம்தான் உருப்படியானது” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மைக்கு என்ன விலை கொடுத்தோம், அந்த விலையில் யார் யாருடைய பங்கு இருந்தது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் வெகுகாலம் யோசித்ததில்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அவர் கண்டது பிரமை அல்ல. இந்தியாவில் புகையிலைப் பழக்கம் பற்றி 2009-10-லும் 2016-17-லும் இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் நடந்தன. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் புகைப்பவர்கள் முதல் கணக்கெடுப்பில் 14 சதவிகிதம், இரண்டாவதில் 10.7. மெல்வது, அடக்கிக்கொள்வது எல்லாவற்றையும் சேர்த்தால் 34.6-லிருந்து 28.6. 15-லிருந்து 24 வயது வரையிலானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 18.4-லிருந்து 12.4. வாசலில் டீயோடு நின்ற இருபது பேரும் இந்தக் கடைசி எண்ணைச் சேர்ந்தவர்கள். ஆனால் சதவிகிதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணினால் காட்சி வேறு. புகையிலை உபயோகிப்பவர்கள் 27.5 கோடியிலிருந்து 26.7 கோடி ஆனார்கள், அவ்வளவுதான். சதவிகிதம் இறங்கிய அதே படிக்கட்டில் ஜனத்தொகை ஏறிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். 1964-ல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவருடைய அறிக்கை வந்தது. 1965-ல் அங்கே வயது வந்தவர்களில் 42 சதவிகிதம் பேர் சிகரெட் பிடித்தார்கள், 2021-ல் 11.5. ஒரே பண்டம், ஒரே கோடு. படித்தவன் முதலில் விட்டான், படிக்காதவன் பிறகு விட்டான் அல்லது விடவில்லை. அறிவு மேலிருந்து கீழே வரவரக் கோடும் கீழே வருகிறது. மனித குலத்தின் மேல் நம்பிக்கை வைக்க விரும்புகிறவர்களுக்கு உகந்த சித்திரம்.

நமக்கு இது பொருந்தாது. இங்கே சிகரெட் என்றுமே சிறுபான்மையின் பழக்கம். 2009-10-ல் சிகரெட் பிடித்தவர்கள் 5.7 சதவிகிதம், பீடி குடித்தவர்கள் 9.2. 2016-17-ல் சிகரெட் 4, பீடி 7.7. ஆக இந்த தேசத்தின் புகைக்கு ஒரு கோடு இல்லை, இரண்டு கோடுகள். மேலே இருப்பது பீடி, கீழே சிகரெட். சமூகத்தில் இருப்பதற்கு நேர்தலைகீழ். இறங்கும் வேகமும் ஒன்றல்ல. சிகரெட் கோடு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. பீடிக் கோடு ஆறில் ஒரு பங்குதான். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வளர்ந்தவன் நான் என்பதால் இந்த எண்களை ஒரு பத்திரிகைச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

முக்கூடல் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாமிரபரணித் தண்ணீர் பாய்ந்தும் எங்களுக்கு வயல் கிடையாது. அம்மா பீடி சுற்றினாள். தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றினார்கள். இலை மத்தியப் பிரதேசத்துக் காடுகளிலிருந்து வரும். தூள் குஜராத்திலிருந்தோ கர்நாடகத்து நிபாணிப் பக்கத்திலிருந்தோ வரும். எங்கள் ஊர் கொடுத்தது விரல்களை மட்டும்தான். இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். காலையில் தகரத் துண்டை இலைமேல் வைத்து அளவாக வெட்டிக்கொள்வாள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு பொங்க எழுந்திருப்பதுதான். ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, ஒரு நூல் சுற்று. வாய் மடக்குவது எங்கள் வேலை, அதாவது குழந்தைகளுடைய வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்ன இரும்புக் குச்சியால் ஒவ்வொரு பீடியின் வாயையும் உள்ளே மடக்கித் தள்ள வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. மாலையில் அம்மா கட்டுகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். அங்கே கணக்கர் ஒவ்வொரு கட்டாக உருட்டிப் பார்ப்பார். நூல் தளர்ந்தது, தூள் குறைந்தது என்று கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. பீடியும் திரும்பி வராது. வாய் சரியாக மடங்காமல் கழிந்தவற்றுக்கு இரவில் எனக்குத்தான் அடி விழும்.

அம்மா பிசைந்து கொடுக்கும் சோற்றில் புகையிலை வாசனை இருக்கும். எவ்வளவு புளி போட்டுக் கை கழுவினாலும் போகாது. அது சோற்றின் வாசனை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

என் பள்ளிக்கூடச் சம்பளமும் பிறகு பாளையங்கோட்டைக் கல்லூரிச் சம்பளமும் இப்படி வந்தவை. 1973-ல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்து அனுப்பினேன். அதே வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு பெட்டிக்கடையில், தொங்கிய கயிற்று நுனியின் கங்கில் என் முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தேன். சார்மினார். பில்டர் இல்லாதது, விலை குறைந்தது. அறிவாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் பொதுவானது. சத்யஜித் ராய் தன் துப்பறிவாளர் ஃபெலுடாவின் விரலிடுக்கில் வைத்ததும் சார்மினார்தான். பீடியை நான் தொடவில்லை. அப்போது யாராவது கேட்டிருந்தால் ருசி என்று சொல்லியிருப்பேன். ருசி இல்லை. அம்மாவின் சுளகிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பதை நான் அளந்துகொள்ள வைத்திருந்த கோல் அது.

அந்த வருஷங்களில்தான் நண்பர் அறிமுகமானார். பெயரைச் சொல்லப்போவதில்லை; அவர் கவிதைகளைப் படித்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். நல்ல குடும்பம், நிரந்தர உத்தியோகம், ஆங்கிலத்தில் விசேஷப் படிப்பு. அவர் பீடிதான் குடித்தார். அது அவருக்குப் பழக்கம் என்பதைவிட நிலைப்பாடு. சிகரெட் என்பது ஏகாதிபத்தியத்தின் பண்டம், பீடி என்பது இந்த மண்ணின் புகை என்பார். இதற்குச் சரித்திர ஆதாரமும் வைத்திருந்தார். சுதேசி இயக்கத்தின்போது அந்நிய சிகரெட்டைப் பகிஷ்கரித்தவர்கள் பீடிக்கு மாறினார்கள் என்பார். அது சரிதான். ஆனால் பீடி சுற்றுகிறவளின் மகன் சிகரெட் பிடிப்பதும், சிகரெட் பிடிக்க வசதியுள்ளவர் பீடி குடிப்பதும் எப்படிப்பட்ட வேஷப் பரிமாற்றம் என்பதை நாங்கள் இருவருமே அப்போது விசாரித்துக்கொள்ளவில்லை. உருவமா உள்ளடக்கமா என்று விடிய விடிய விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அவர் மேஜைமேல் கிடந்த கட்டைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கம்பெனியின் லேபிள். நூலின் நிறமும் அதுவேதான். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இது உங்கள் அம்மா கை பட்டதாகக்கூட இருக்கலாம், இல்லையா?” என்று ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் புதிதாக வருகிறவர்களிடம் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்வார்: “நான் குடிக்கும் பீடி இவருடைய தாயார் சுற்றியது.” அவர் இதை மரியாதையாகச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசியது. ஆனாலும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

1975-ல் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிடச் சொல்லி மத்திய அரசு சட்டம் இயற்றியது. பீடிக்கு அந்தச் சட்டம் இல்லை. “பார்த்தீர்களா, பீடி ஆரோக்கியமானது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது” என்றார் நண்பர். சிரித்தோம். 1976-ல் இன்னொரு சட்டம் வந்தது, பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம். விற்கும் பீடியின் மேல் ஒரு சிறு தீர்வை. அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரியும் அவர்கள் குழந்தைகளுக்குப் படிப்பு உதவியும். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவுக்கு இன்னொருத்திக்கு மருந்து.

சிகரெட் பிடிக்கிறவனுக்கு எச்சரிக்கை கிடைத்தது. பீடி குடிக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை. பீடியையும் சேர்த்து எல்லாப் புகையிலைப் பண்டங்களுக்குமான சட்டம் வர 2003 ஆயிற்று. படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009 மே 31-லிருந்துதான். இடையில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல். 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபோது இரண்டுக்கும் 28 சதவிகிதம் என்றார்கள். சிகரெட்டின் தலையில் கூடுதல் தீர்வை ஏறியது, பீடிக்கு ஏறவில்லை. 2025-ல் பீடிக்கு வரியை 18 ஆகக் குறைக்க முடிவு செய்தார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: சுற்றுகிற பெண்கள். என் அம்மாவின் பெயரால்தான் பீடி குடிப்பவனிடம் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள். அவள் கூலியை உயர்த்த வேண்டி வந்தபோது மட்டும் அந்தப் பெயர் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் ஞாபகம் வரவில்லை.

பீடி ஆரோக்கியமானதல்ல. இலைச் சுற்று காற்றை எளிதில் விடாது; இழுக்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். தூள் கொஞ்சம்தான் என்றாலும் தாரும் நிகோடினும் சிகரெட்டைவிட அதிகமாக உள்ளே போகிறது. 2008-ல் பிரபாத் ஜாவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் பீடி குடிக்கும் ஆண் சராசரியாக 6 வருஷ ஆயுளை இழக்கிறான் என்றது. சிகரெட் பிடிப்பவன் 10 வருஷம். என் அளவுகோலுக்கும் அதில் இடம் இருந்தது.

நண்பருக்கு 1990-களின் ஆரம்பத்தில் இருமல் கண்டது. காச நோய் என்றார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் குழுவில் அந்தச் செய்தி ஒருவிதப் பெருமிதத்தோடு பரவியது. காசம் எங்களுக்கு வெறும் நோயல்ல. புதுமைப்பித்தன் 1948-ல் 42 வயதில் அதில்தான் போனார். கலைஞனை இந்தச் சமூகம் கொல்வதற்கு வைத்திருக்கும் ஆயுதம் அது என்று நாங்கள் நம்பினோம். புதுமைப்பித்தனைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லவில்லை. அவருடைய மரணத்தை நாங்கள் வாசித்த விதத்தைச் சொல்கிறேன். நோயைப் பற்றி எங்களிடம் ஓர் அழகியல் இருந்தது, நுரையீரலைப் பற்றி அறிவு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பீடி கேட்டபோது வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மாத்திரைகளை நடுவில் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். 1996-ல் இறந்தார். இரங்கற் கூட்டத்தில் நான் பேசினேன். சமூகம் அவரைக் கொன்றுவிட்டது என்றுதான் பேசினேன்.

2003-ல் லான்ஸெட் மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் வேறு சிலரும் எழுதியது. 1990-களில் சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்கள் புகைத்தவர்களா என்று அவர்கள் வீட்டாரிடம் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். புகைப்பவன் காச நோயில் சாவதற்கான வாய்ப்பு, புகைக்காதவனுக்கு இருப்பதைப்போல நான்கு மடங்கு. இந்தியாவில் காச நோயில் சாகும் ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. பாதி. நான் இரங்கற் கூட்டத்தில் பேசியது அந்த மற்றப் பாதியைப் பற்றியது போலும்.

இதை நண்பரின் மனைவியிடம் சொல்லலாமா என்று தயங்கிக் கடைசியில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “அவர் போன மறு வருஷம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து கேட்டாரே” என்றார். “பீடியா சிகரெட்டா, எத்தனை வருஷமா, நாளைக்கு எத்தனைன்னு. பீடின்னு சொன்னேன். எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டிலே குடிச்சது கொஞ்சம்தான். மத்தது உங்களோடதானே. அவர் சிநேகிதாளைத்தான் கேட்கணும்னேன்.”

வந்தவர் எந்தக் கணக்குக்காக வந்தாரோ, எங்களை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியும். நாளைக்கு 30-க்குக் குறையாது, 25 வருஷம். பெருக்கினால் சுமார் 2.7 லட்சம் பீடி.

2009-10-ம் 2016-17-ம் உயிரோடிருப்பவர்களைக் கேட்ட கணக்குகள். கதவைத் தட்டி, நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்பவன் கோட்டைக் கீழே இறக்குகிறான். பதில் சொல்லவே இல்லாமல் போனவனும் கீழே இறக்குகிறான். இரண்டு இறக்கமும் வரைபடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். நான் விட்டது 1996-ல், நண்பர் இறந்த பிறகு. அவரும் நானும் ஒரே வருஷத்தில் இந்த தேசத்தின் புகைப்பவர் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தோம். இளைஞர்கள் புகைப்பதில்லை என்று வருத்தப்பட்ட எழுத்தாளரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது. அந்த வாசலில் அவர் தேடிய ஆட்களில் சிலர் பழக்கத்தை விட்டவர்கள் அல்ல. வாசலில் நின்ற இருபது பேரும் எங்களைவிட மோசமாகக் கவிதை எழுதலாம். ஆனால் அவர்களில் ஒருவன் இன்னொருவனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பீடி வாங்கிக் கொடுக்கமாட்டான்.

கோடு இறங்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இறங்குவதால் மட்டும் என் மனசு ஆறிவிடுவதில்லை. எங்கள் தெருவில் இலை வாரத்தில் எல்லா நாளும் கிடைப்பதில்லை. என் தங்கை மகள் சுளகை எடுக்கவில்லை. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை பார்க்கிறாள். அது மேலா என்று கேட்டால், நெஞ்சு காறவில்லை மாமா, கால்தான் வீங்குகிறது என்கிறாள். தங்கைக்கு வேறு வேலை தெரியாது. ஒரு வேலையை விஷம் என்று கண்டுபிடிக்கிறவர்களும், அந்த வேலையைச் செய்தவளுக்கு இனி என்ன என்று கேட்கிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 800, வருஷத்துக்கு 300 நாள், 30 வருஷம். 72 லட்சம் பீடி. என் நண்பரைப் போன்ற 26 பேருக்கு ஆயுள் முழுவதற்கும் போதும். அம்மா ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அவள் புகையிலைப் பழக்கம் இல்லாதவள்.

1996 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் பிடித்ததே அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். “தெரியும்யா” என்றாள். “சிகரெட்டுதானே, பீடி இல்லியேன்னு இருந்தேன்.” பிறகு ஏன் விட்டேன் என்று கேட்டாள். நண்பர் இறந்ததைச் சொன்னேன். கவிஞர், பெரிய படிப்பு, பீடி குடிப்பார் என்றேன். சுற்றுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருந்தது, இருந்தாலும் பேசும்போது அவள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

“எந்தக் கம்பெனி பீடிய்யா?” என்றாள்.

நான் வேறு ஒரு பெயரைச் சொன்னேன்.